ஆர்த்தோ வார்டில் ஒரு குழந்தை: இங்கிலீஷ் கேள்வி பதில்

பாகாயம், நர்சிங் மாணவி: அக்கா, தினமும் 20 வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் நாலுகூட நினைவில் இல்லை.

இருபது வேண்டாம்மா, ஐந்து போதும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் அதன் சொல் குடும்பத்தோடு பிடியுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நீங்கள் தினம் கடக்கும் போர்டுகளே போதும். டெர்மட்டாலஜியில் இருக்கும் 'டெர்மா' கிரேக்கத்தில் தோல். அது தெரிந்துவிட்டால், ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போவது என்று தானே புரியும். 'பேக்கிடெர்ம்' என்றால் தடித்த தோல்காரர், அதாவது யானை.

பீடியாட்ரிக்ஸில் குழந்தை இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்த்தோபீடிக்ஸில்? எலும்பு என்றுதானே நினைக்கிறோம், அங்கேயும் அதே குழந்தைதான்! 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்துவதற்காக உண்டாக்கிய சொல் அது. 'ஆர்த்தோ' என்றால் நேர். ஆனால் பாதசாரி என்று பொருள்படும் பெடஸ்ட்ரியனில் இருப்பது லத்தீன் பாதம். ஒலி ஒத்துப்போகிறதே என்று உறவு கொண்டாடிவிடாதீர்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: மெயிலில் எப்போதும் 'குட்', 'நைஸ்'தான் சார். பெரிய வார்த்தை போட்டால் மதிப்பு கூடுமா?

நான் ஆண் இல்லை, பரவாயில்லை. பள்ளி விழா வரவேற்புரையில் 'ஃபேமஸ்' சாதாரணமாக இருக்கிறதே என்று, அகராதியில் பக்கத்தில் கிடந்த 'நொட்டோரியஸ்' போட்டேன். கெட்டதற்குப் பேர்போனவர் என்று அர்த்தம். தலைமையாசிரியர் மேடையிலேயே திரும்பிப் பார்த்தார். அதனால், வார்த்தையைத் தனியாக எடுக்காமல், அது வந்த வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் தொழிலிலேயே அழகானவை கிடக்கின்றன: 'வெல் ஹீல்ட்' என்றால் வசதியானவர், 'டவுன் அட் ஹீல்' என்றால் நொடித்துப்போனவர். இரண்டாவதில், செருப்பின் தேய்ந்த குதிகாலைப் பார்த்தே ஆளை எடைபோட்டிருக்கிறார்கள்.

குடியாத்தம், ஒரு அம்மா: பையனுக்குப் பேப்பரா, ஆப்பா?

அவன் எதை முடிக்காமல் கீழே வைக்க மாட்டானோ அது. கிரிக்கெட் செய்தியானாலும் சரி.

காட்பாடி, ஆட்டோ ஓட்டுநர்: தமிழ் மீடியம், வயது 41. இனி வருமா அக்கா?

இப்போதே மூன்று உங்களிடம் இருக்கிறது அண்ணா. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு ஷெரூட் ஆனது, மிளகுத்தண்ணி மல்லிகட்டானி ஆனது. இன்றைய ஐந்தில் இன்னும் இரண்டுதான் பாக்கி. ஸ்டேஷன் போர்டில் தேடுங்கள்.