அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் முன்: பிளாக்ஜாக் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது. நியூஜெர்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸ் நண்பர்கள் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை கேசினோக்கள் (சூதாட்ட விடுதிகள்) இருக்கும் அட்லாண்டிக் சிட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், "மத்ததெல்லாம் அதிர்ஷ்டம், பிளாக்ஜாக் மட்டும்தான் மூளை வேலை" என்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்டு போனால் கொஞ்சம் காசு பார்க்கலாமா?

காசு பார்க்க முடியாது. எடிசனில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை அந்த மேசைகளில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தி தெரிந்தால் பணம் கரையும் வேகம் குறையும். ஆனால் அந்தக் குறைவு பெரிய குறைவு. போவதென்று முடிவு செய்துவிட்டால் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 15 டாலர் மேசையில் மணிக்குச் சுமார் 70 ஆட்டம் ஓடும். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 1,050 டாலர் பந்தயம் வைக்கிறீர்கள். நல்ல விதிகள் உள்ள மேசையில் பிசகாமல் ஆடினால் கேசினோவின் சாதகம், அதாவது பந்தயத்தில் சராசரியாக அவர்களுக்குப் போகும் பங்கு, அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். மணிக்கு ஐந்தாறு டாலர் போகும். மனசுக்குத் தோன்றியபடி ஆடினால் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டிவிடும், இருபது டாலருக்கு மேல் போகும். இது நீண்ட காலச் சராசரி. ஒரே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் 150 டாலர் மேலே போவதும் கீழே போவதும் சர்வசாதாரணம். ஆகவே உங்கள் நண்பர் போன தடவை 400 ஜெயித்தார் என்பதால் அவருக்கு ஆட்டம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் ராத்திரியே ஜெயிப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அடுத்த மாதமே திரும்பிப் போவார்கள்.

இந்த உத்தி யாரோ சூதாடி அனுபவத்தில் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்க ராணுவத்தில் இருந்த ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் என்ற நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரத்தில் தட்டித் தட்டிப் போட்ட கணக்கு. 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. பிறகு கணினியில் போட்டுப் பார்த்தபோதும் சின்னச் சின்ன மாற்றங்கள்தான் வந்தன. எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அந்த அட்டவணை இன்று உள்ளங்கை அளவு அட்டையாகக் கிடைக்கிறது. மேசையில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடினாலும் பொதுவாக யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஊரில் ரம்மி ஆடிப் பழகியிருந்தால் ஒரு தடுமாற்றம் வரும். ரம்மியில் அடுத்தவன் எதை எடுக்கிறான், எதைப் போடுகிறான் என்று கவனிப்போம். இங்கே பக்கத்தில் இருப்பவர் என்ன செய்தாலும் உங்களுக்கு அக்கறையில்லை. உங்கள் இரண்டு சீட்டும், டீலர் (கேசினோ சார்பில் சீட்டுப் போடுபவர்) திறந்து வைத்திருக்கும் ஒரு சீட்டும்தான் விஷயம். ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் பத்து. ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. டீலரைவிட 21க்கு நெருக்கமாக வர வேண்டும், 21ஐத் தாண்டினால் போச்சு. டீலருக்கு யோசிக்கும் உரிமை கிடையாது, 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும். மொத்த உத்தியும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. அவர் முன்னால் 6 இருந்தால் நூற்றுக்கு நாற்பது தடவைக்கு மேல் அவரே தாண்டிவிடுவார். அதனால் அவரிடம் 2 முதல் 6 வரை இருந்து உங்களிடம் 12 முதல் 16 வரை இருந்தால் தொடாமல் நில்லுங்கள் (12க்கு எதிரே 2 அல்லது 3 இருந்தால் மட்டும் ஒன்று வாங்குங்கள்). அவரிடம் 7 அல்லது அதற்கு மேல் என்றால் 17 வரும்வரை வாங்குங்கள். இரண்டு ஏஸ், இரண்டு 8 வந்தால் எப்போதும் பிரித்து, இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு கையாக ஆட வேண்டும். இரண்டு பத்தைப் பிரிக்கவே கூடாது. கையில் 11 இருந்தால் பந்தயத்தை டபுள் செய்யுங்கள், டீலரிடம் ஏஸ் இருக்கும்போது மட்டும் அட்டையைப் பாருங்கள். ஏஸும் 7உம் வந்தால் 18 ஆச்சே என்று டீலரின் 9க்கு எதிரே நிற்பார்கள். நிற்கக் கூடாது, வாங்க வேண்டும். ஏஸை ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம், அதனால் ஒரு சீட்டில் தாண்டாது.

கஷ்டம் 16 வரும்போதுதான். நான் இங்கே வந்த இரண்டாவது வருடம், கையில் பத்தும் ஆறும், டீலரிடம் ஒரு ராணி. வாங்க வேண்டும் என்று தெரியும். விரல் எழவில்லை. கையை வீசி "வேண்டாம்" என்று காட்டினேன், டீலர் 20 திறந்தார். அடுத்து அதே 16 வந்தபோது வாங்கினேன், ஒரு 9 வந்து தாண்டிப் போனது. அதோடு அட்டையை மறந்துவிட்டு ஆத்திரத்தில் பந்தயத்தை ஏற்றினேன். அந்த ராத்திரி போனது அந்த மாத வீட்டு வாடகையில் பாதி. நின்றாலும் வாங்கினாலும் அந்தக் கையில் நாலில் மூன்று தடவை தோல்விதான் தம்பி. வாங்கினால் ஒரு நூலிழை பரவாயில்லை. அந்த நூலிழைக்காக மனசைக் கட்டி வைக்க முடிகிறவர்தான் இந்த உத்தியை ஆட முடியும்.

மேசையைத் தேர்ந்தெடுப்பது அதைவிட லேசு, ஆனால் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. விரிப்பிலேயே அச்சிட்டிருக்கும்: பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வருவது) 3க்கு 2 தருகிறார்களா, 6க்கு 5 தருகிறார்களா என்று. 20 டாலர் வைத்தால் முதலாவதில் 30 கிடைக்கும், இரண்டாவதில் 24. பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும், அந்த 6 டாலர் சேர்ந்து கேசினோவின் சாதகத்தைக் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் ஏற்றிவிடும். 6க்கு 5 மேசையில் உட்காராதீர்கள். குறைந்த பந்தயம் என்று ஆசை காட்டும் மேசைகளில்தான் இது அதிகம். டீலர் ஏஸைத் திறந்ததும் "இன்ஷூரன்ஸ்?" என்று கேட்பார். அவருடைய மூடிய சீட்டு பத்து என்று வைக்கும் தனிப் பந்தயம் அது, பலித்தால் ஒன்றுக்கு இரண்டு. 13 வகைச் சீட்டில் 4 வகைதான் பத்து. நாலு தடவை இரண்டிரண்டாக எட்டு வரும், ஒன்பது தடவை ஒவ்வொன்றாக ஒன்பது போகும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உட்காரும் முறை: பணத்தை டீலர் கையில் நீட்டாதீர்கள், வாங்க மாட்டார். மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்படி விரிப்பில் வைக்க வேண்டும். சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்டுங்கள், வேண்டாமென்றால் உள்ளங்கையைக் குப்புற வைத்து வீசுங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது. சீட்டு போட ஆரம்பித்த பிறகு சிப்ஸைத் தொடவே கூடாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். நீங்கள் இன்னும் இங்கே லைசென்ஸ் எடுக்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டை நேரில் கொண்டுபோங்கள், போனில் இருக்கும் போட்டோ செல்லாது.

சீட்டை எண்ணுவது, அதாவது வெளியே வந்த சீட்டுகளை மனசில் கணக்கு வைத்து ஆடுவது, பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது குற்றமில்லை. சீட்டு எண்ணி ஆடிய கென் யூஸ்டன் என்பவரின் வழக்கில் 1982இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கேசினோ வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் நினைத்த நேரத்தில் கலைத்துப் போட அவர்களால் முடியும். எட்டுக் கட்டுச் சீட்டை எண்ணிப் பிழைப்பது முழுநேர வேலை, அதை விட்டுவிடுங்கள்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயம். கையில் 200 டாலர் நோட்டாக எடுத்துக்கொண்டு, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும், உங்களுக்கோ இங்கே கிரெடிட் ஹிஸ்டரி இப்போதுதான் முளை விடுகிறது. அப்புறம், திரும்பி வந்ததும் போனில் ஆப் இறக்காதீர்கள். 2013 நவம்பரிலிருந்து நியூஜெர்சியில் ஆன்லைன் கேசினோவுக்கு அனுமதி உண்டு. என்னோடு அறையில் இருந்த ஒருவர் அட்லாண்டிக் சிட்டியில் தோற்றதைவிடப் படுக்கையில் போர்வைக்குள் தோற்றது பல மடங்கு. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அப்படி ஒரு இழுப்பு உங்களுக்கோ நண்பருக்கோ வந்தால் சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1-800-426-2537க்குக் கூப்பிடுங்கள். என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே மாநில அரசிடம் எழுதிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. என் நண்பர் அதைத்தான் செய்தார், இன்று நன்றாக இருக்கிறார்.

ஜெயித்தால் அது வருமானம், வரித் தாக்கலில் காட்ட வேண்டும்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒரு சீட்டுக்கட்டு வாங்குங்கள், தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் உங்களுக்கு இரண்டு, டீலருக்கு ஒன்று என்று போட்டுப் பதிலைச் சத்தமாகச் சொல்லி அட்டையில் சரிபாருங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அட்டையைப் பார்க்காமல் நூறு கை போடுங்கள். ஐந்துக்கு மேல் தப்பு வந்தால் இந்தத் தடவை மேசைக்குப் பின்னால் நின்று வேடிக்கை மட்டும் பாருங்கள், சாயங்காலம் போர்டுவாக்கில் கடலோரமாக நடந்துவிட்டு வாருங்கள்.