சின்ன உழவு இயந்திரத்துக்கு எந்தக் கலப்பை? வாசகர் கேள்வி – பதில்

புரட்டாதி விதைப்பு நெருங்குகிறது. 20 முதல் 30 குதிரைவலு வரையான சின்ன நாலுசில்லு உழவு இயந்திரங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம்.

உரும்பிராய் வாசகர்: 27 குதிரைவலு இயந்திரம் வாங்கியிருக்கிறேன். 4 பரப்பு, 6 பரப்பு என்று துண்டு துண்டான தோட்டக் காணிகள். வெங்காயமும் மிளகாயும் செய்கிறேன். கடையில் 5 அடி றொட்டவேற்றரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) 4 அடியின் விலைக்கே தருவதாகச் சொல்கிறார்கள். இழுக்குமோ?

பதில்: இழுக்கும். ஆனால் வேலை செய்யாது. 27 என்பது எஞ்சினின் வலு. றொட்டவேற்றரைச் சுழற்றுவது பின்பக்கச் சுழல்தண்டு (பி.ரி.ஓ.). கியர் வழியாக அங்கே போய்ச் சேர்வது எஞ்சின் வலுவில் ஏறக்குறைய 80 முதல் 85 வீதம்தான். உங்கள் இயந்திரத்தில் அது 22 அல்லது 23. றொட்டவேற்றருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைவலு என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் நாலரை அடி வரும். கையிருப்பாகக் கொஞ்சம் விட்டால் 4 அடி.

ஈரப்பதமான செம்மண்ணில் 5 அடியும் அழகாக ஓடும். கடைக்காரர் ஓட்டிக் காட்டுவதும் அப்படி ஒரு மண்ணில்தான் இருக்கும். பல மாதம் தரிசாகக் கிடந்து இறுகிய தறையில் முதல் உழவுக்கு இறக்கும்போதுதான் குறை தெரியும். தண்டின் வேகம் 540 சுற்றில் இருந்து இறங்கும். சுற்று இறங்கினால் கத்தி மண்ணை அடிக்கும் வேகம் குறையும், கட்டி உடையாது. எஞ்சின் முக்கும், நீங்கள் ஆழத்தைக் குறைப்பீர்கள். கடைசியில் 5 அடிக் கருவியால் இரண்டு தரம் மேலாகக் கிளறுவீர்கள், 4 அடிக் கருவி ஒரே தரத்தில் செய்ய வேண்டிய வேலையை.

வலுவை விட முக்கியம் சில்லு. பின்சில்லு இரண்டின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு நாடா பிடித்து அளவுங்கள். 115 சென்ரிமீற்றர் என்று வந்தால் 4 அடிக் கருவி, அதாவது 122 சென்ரிமீற்றர், இரண்டு சில்லுத் தடத்தையும் கிளறி மூடிவிடும். 130 வந்தால் 4 அடி போதாது. சில்லு மிதித்த தடம் இரண்டு பக்கமும் இறுகியபடி கிடக்கும். அதற்காக உடனே 5 அடிக்குப் போக வேண்டாம். பல றொட்டவேற்றர்களில் கொழுவும் கட்டையை நகர்த்திக் கருவியை வலப்பக்கம் தள்ளிப் பூட்டலாம். வலச்சில்லின் தடம் மூடும். இடத்தடத்தை அடுத்த சுற்று மூடும்படி ஓட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். பின்சில்லின் றிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் குறைக்கக்கூடிய இயந்திரங்களும் உண்டு. உங்களுடையது அப்படியா என்று கைந்நூலில் பாருங்கள்.

இன்னொன்றை அளக்க மறக்க வேண்டாம்: உங்கள் ஒழுங்கையும் படலையும். 5 அடிக் கருவி பக்கத்துச் சங்கிலிப் பெட்டியோடு சேர்ந்து அகலம் கூடும். கதியால் வேலிக்கு இடையில் அதைத் திருப்பி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். 4 பரப்புத் துண்டில் மூலைக்கு மூலை உழாமல் விடுபடும் இடமும் கூடும். அதை மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும்.

உங்கள் பகுதியான வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். சில இடங்களில் அது மேலேயே தலை காட்டும். இரண்டு பக்கத்திலும் உள்ள சறுக்குத் தகட்டை 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் பூட்டி முதல் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். கல் தட்டுப்படும் இடத்தில் கம்பு நட்டு வையுங்கள். கல்லில் அடிபடும்போது உடைவதற்காகவே தண்டில் ஒரு போல்ட் இருக்கும். அது உடைந்தால் அதே அளவு, தலையில் அதே தர எண் உள்ள போல்ட்டையே போடுங்கள். 'அடிக்கடி உடையுது' என்று உறுதியான போல்ட்டைப் போட்டால், அடுத்த கல்லில் உடைவது கியர் பொக்ஸ்.

வெங்காயத்துக்கு மண் மாப்போல இருக்க வேண்டும் என்று மூன்று, நான்கு தரம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மாவான மண் முதல் மழையில் மேலே படையாக இறுகும். ஒரே ஆழத்தில் வருடக்கணக்காக றொட்டவேற்றர் மட்டும் அடித்தால் கத்தி எட்டாத இடத்தில் இறுகிய அடித்தட்டு உருவாகி, வேரும் நீரும் இறங்காது. மண்ணாழம் உள்ள காணியில் வருடத்துக்கு ஒரு தரமாவது கொத்துக் கலப்பையால் (மண்ணைக் கீறும் கொக்கிகள் கொண்ட கலப்பை) 15 சென்ரிமீற்றருக்குக் கீழே கீறிவிட்டுப் பிறகு றொட்டவேற்றரை இறக்குங்கள்.

கொடிகாமம் வாசகர்: பழைய பெரிய உழவு இயந்திரத்தை விற்றுவிட்டு 24 குதிரைவலு ஒன்று எடுத்தேன். முன்பிருந்த 9 கொத்துக் கலப்பை கைவசம் இருக்கிறது. அதைக் கொழுவும் ஆணி (பின்) புது இயந்திரத்தின் தூக்கும் கையிலுள்ள துளைக்குள் நுழையவில்லை. லேத்தில் கடைந்து மெலிதாக்கலாம் என்கிறார்கள். செய்யலாமோ?

பதில்: இரண்டு கீழ்க்கையிலும் ஒரு மேல்க்கையிலும் கருவியைப் பூட்டும் மூன்று புள்ளிக் கொழுவிகளுக்கு உலகப் பொது அளவுகள் உண்டு. உங்களுக்குத் தேவையானவை மூன்று வகை. மிகச் சின்ன இயந்திரங்களுக்குரிய பூச்சிய வகையில் கீழ்ப் பின் 16 மில்லிமீற்றர். ஒன்றாம் வகையில் கீழ்ப் பின் 22, மேல்க்கைப் பின் 19. கீழ்ப் பின் இரண்டின் தோள்களுக்கு இடையே 683 மில்லிமீற்றர். இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28, மேல்ப் பின் 25, இடைவெளி 825. உங்கள் புது இயந்திரம் ஒன்றாம் வகை, பழைய கலப்பை இரண்டாம் வகை என்று தெரிகிறது. ஆனாலும் வேணியர் அளவுகோல் பிடித்து இரண்டையும் அளந்து உறுதிப்படுத்துங்கள். உள்ளூர் வெல்டிங் கடையில் மாற்றிய கலப்பைகளில் இடப்பக்கம் ஓர் அளவும் வலப்பக்கம் வேறோர் அளவும் இருப்பதுண்டு.

28-ஐ 22-ஆகக் கடைந்தால் வளைவைத் தாங்கும் வலு பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கும். 24 குதிரைவலுவுக்கு அது போதும் என்று வாதிடலாம். படி போட்ட பின்கள் கடையிலும் கிடைக்கின்றன. ஆகவே பின் பெரிய பிரச்சினை அல்ல. இடைவெளி 14 சென்ரிமீற்றர் கூடுதல் என்பதால் இரண்டு கையும் வெளியே விரிந்து நிற்கும். கை ஆடாமல் பிடிக்கும் பக்கச் சங்கிலி எட்டாது, தூக்கும்போது கை சில்லில் உரசும். அதையும் வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம் என்று வைத்தாலும், 9 கொத்து என்பது 35 முதல் 45 குதிரைவலுக்கு உரிய கருவி. 24-க்கு 5 கொத்து. நாலு கொத்தைக் கழற்றினால் இழுவை குறையும், சட்டத்தின் பாரமும் நீளமும் குறையாது. கலப்பையை விற்று 5 கொத்து வாங்குங்கள்.

இதற்கு எதிர்மாறான நிலை வந்தால், அதாவது பெரிய இயந்திரத்தில் ஒன்றாம் வகைக் கருவியைப் பூட்டுவதென்றால், 22 உள்விட்டமும் 28 வெளிவிட்டமும் உள்ள புஷ் போட வேண்டும். புஷ் இல்லாமல் மெல்லிய பின்னைப் பெரிய துளையில் விட்டு ஓட்டுபவர்களை நிறையக் காணலாம். துளை முட்டை வடிவாகும், வளையக் கிளிப் தெறிக்கும், ஒரு நாள் கலப்பை றோட்டில் கிடக்கும்.

புதுக் கலப்பையைப் பூட்டியதும் பக்கச் சங்கிலியை இறுக்கிவிட வேண்டாம். கொத்துக் கலப்பை மண்ணுக்குள் இரு பக்கமும் 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆட வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்தைத் திருப்பும்போது கலப்பை அதை நேரே பிடித்து வைக்கும், கை வளையும். றொட்டவேற்றருக்கு மாறாக இறுக்க வேண்டும்.

நீர்வேலி வாசகர்: வாழைத் தோட்டத்துக்கு 250 கிலோ றொட்டவேற்றர் பூட்டினேன். வரம்பு ஏறும்போது முன்சில்லு மேலே எழும்புகிறது. ஆனால் கைந்நூலில் 600 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. இயந்திரம் 950 கிலோ, முன்சில்லில் 380 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 156 சென்ரிமீற்றர்.

பதில்: ஹைட்ரோலிக் தூக்குவதும் முன்சில்லு நிலத்தில் நிற்பதும் இரண்டு வெவ்வேறு விடயங்கள். முதலில் அந்த 600 கிலோ எங்கே அளந்தது என்று பாருங்கள். கைநுனியில் பின் நுழையும் குண்டில் அளந்ததா, அதற்கு 61 சென்ரிமீற்றர் பின்னாலா? குண்டில் அளந்த எண் எப்போதும் பெரிதாக இருக்கும். உங்கள் கருவியின் பாரமோ குண்டில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது.

இனி முன்சில்லு. பின் அச்சில் இருந்து குண்டு வரை 70, குண்டில் இருந்து கருவியின் பாரமையம் வரை 50 சென்ரிமீற்றர் என்று எடுப்போம். உங்கள் இயந்திரத்தில் அளந்து திருத்திக்கொள்ளுங்கள். 250 கிலோவை 120-ஆல் பெருக்கி 156-ஆல் வகுத்தால் 192. கருவியைத் தூக்கியதும் முன்சில்லில் இருந்து இந்த 192 கிலோ கழிகிறது. மீதி 188. இயந்திரப் பாரத்தில் ஐந்தில் ஒன்றாவது முன்சில்லில் நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உங்களுக்கு அது 190. சமதரையிலேயே விளிம்பில் நிற்கிறீர்கள், வரம்பில் எழும்பாமல் என்ன செய்யும்?

முன் அச்சுக்கு அரை மீற்றர் முன்னால் 40 கிலோ பாரத்தகடு கொழுவினால் முன்சில்லுக்கு 53 கிலோ கிடைக்கும். மொத்தம் 241. இயந்திரக் கம்பனி தரும் தகட்டையே அதற்குரிய தாங்கியில் பூட்டுங்கள். மண் மூட்டையைக் கயிற்றால் கட்டுவது முதல் வளைவோடு கழன்றுவிடும். தகடு பூட்டிய பிறகும் வரம்பை நேராக ஏறுங்கள், சரிந்து ஏற வேண்டாம். கருவியை நிலத்தில் இருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி மெதுவாகப் போங்கள்.

காரைநகர் வாசகர்: இருசில்லு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியை 22 குதிரைவலு நாலுசில்லுக்குப் பின்னால் பூட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியில் ஓட்டுநரின் இருக்கை பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியின் பிறேக் மிதியும் அவரின் காலடியில்தான். நாலுசில்லில் பூட்டினால் அந்த மிதியை மிதிக்க ஆள் இல்லை. பாரம் ஏற்றிய பெட்டி பின்னால் இருந்து தள்ளும். எந்தப் பெட்டியானாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் கொழுவ வேண்டும். மேல்க்கை பூட்டும் இடத்திலோ பின் அச்சிலோ சங்கிலி போட்டு இழுத்தால், பாரம் அசையாமல் இயந்திரம் முக்கும் ஒரு கணத்தில் இயந்திரம் பின்புறமாகக் கவிழும். ஓட்டுநருக்குக் குதிக்க நேரம் கிடைக்காது.

புலோலி வாசகர்: புது றொட்டவேற்றரோடு வந்த பி.ரி.ஓ. தண்டு நீளம் கூடுதல். வெட்டலாமா, எவ்வளவு வெட்ட வேண்டும்?

பதில்: வெட்டத்தான் வேண்டும். வெட்டாமல் முட்டிக்கொண்டு பூட்டினால் கருவியைத் தூக்கும்போது தண்டு இயந்திரத்தின் பெயரிங்கை உள்ளே குத்தும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தண்டை இரண்டாக இழுத்துப் பிரித்து, ஒரு பாதியை இயந்திரத்திலும் மற்றதைக் கருவியிலும் பூட்டுங்கள். கருவியை மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டு அச்சும் ஒரே மட்டத்தில் நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். தூரம் மிகக் குறைந்த இடம் அதுதான். பலர் முழுக்க இறக்கி வைத்து அளக்கிறார்கள். பிழை அங்கேதான் நடக்கிறது. தூக்கிய கருவிக்குக் கீழே கட்டை முண்டு கொடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாகப் பிடியுங்கள். ஒவ்வொரு குழாய் நுனிக்கும் எதிரேயுள்ள கவைக்கும் (சிலுவை மூட்டைப் பிடிக்கும் கவட்டுப் பகுதி) இடையில் 3 சென்ரிமீற்றர் மிஞ்சும்படி கோடு போடுங்கள். வெளிக் குழாய், உட்குழாய், இரண்டு பிளாஸ்ரிக் உறை, நாலிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்து, துருவலைத் துடைத்து, கிறீஸ் பூசிச் சேருங்கள்.

பிறகு கருவியை முழுக்க இறக்கியும் முழுக்கத் தூக்கியும் பாருங்கள். நீண்டு நிற்கும் நிலையில் ஒரு குழாய் மற்றதற்குள் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 15 சென்ரிமீற்றருக்குக் குறையவே கூடாது. இரண்டு குழாயோடும் சேர்ந்த உட்பக்கக் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று குறுக்கே திரும்பியிருந்தால் தண்டு உதறும், சிலுவை மூட்டு சீக்கிரம் போகும். உறையின் சின்னச் சங்கிலியை அசையாத இடத்தில் கொழுவுங்கள். சாரம் கட்டிக்கொண்டு இந்தத் தண்டுக்கு அருகே போக வேண்டாம்.

சாவகச்சேரி வாசகர்: இருக்கையில் இருந்து இறங்காமல் கருவி மாட்டும் சட்டம் ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஒரு நாளில் மூன்று கருவி மாற்றுபவருக்கு வசதி. ஆனால் அது கருவியை ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளும். நீர்வேலி வாசகருக்குச் சொன்ன கணக்கில் இதைப் போட்டால் முன்சில்லில் இன்னும் 16 கிலோ குறையும். சட்டத்தின் சொந்தப் பாரம் அதற்கு மேல். தண்டின் நீளமும் மாறும். ஆகவே சட்டம் வாங்கும் எண்ணம் இருந்தால் தண்டை இப்போது வெட்ட வேண்டாம். சட்டத்தைப் பூட்டிவிட்டு அளந்து வெட்டுங்கள்.