கரண்ட் போனதால் கிடைத்த ரசீது

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் மழையில் கரண்ட் போனதும், வேலை ஒன்றும் ஓடாமல் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். 2009-ல் அப்பா வங்கியில் போட்ட வைப்புத்தொகை ரசீது இருந்தது. ஜூனிலேயே கிடைத்திருந்தால் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வளையலை அடகு வைத்திருக்க மாட்டேன். அம்மா வேறு, ‘பெட்டியப் பாருன்னு அப்பவே சொன்னேனே’ என்கிறார். எல்லாம் நேரம் தப்பித்தான் கண்ணில் படுமா?

பதில்: முதலில் பணத்தை முடித்துவிடுவோம். 10 வருடம் யாரும் கேட்காத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். 2014 முதல் இதுதான் நடைமுறை. மாற்றியிருந்தாலும் வாரிசு கேட்டால் உங்கள் வங்கிதான் தர வேண்டும். ரசீது, இறப்புச் சான்றிதழ், நாமினி யாரென்ற விவரத்தோடு போங்கள். வேறு வங்கியிலும் போட்டிருப்பாரோ என்று சந்தேகம் இருந்தால் 2023-ல் வந்த ‘உத்கம்’ இணையதளத்தில் அப்பா பெயரைத் தேடுங்கள்.

சரி, ‘அம்மா வேறு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘வேறு’வைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டியில் இருந்த ரசீதைப் பற்றி வீட்டில் ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார், நீங்கள் அதைப் பெரியவர்கள் புலம்பல் கணக்கில் சேர்த்துவிட்டு இப்போது நேரத்தைத் திட்டுகிறீர்கள். அந்த இருட்டு உங்களை உட்கார வைத்திராவிட்டால் இன்றைக்கும் பெட்டி பரணில்தான் கிடக்கும்.

உங்கள் மாவட்டத்து நெய்வேலியையே பாருங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. கிணறு கெட்டுப்போச்சு என்று மூடியிருக்கலாம். மனுஷன் அது என்னவென்று பார்க்க நேரம் ஒதுக்கினார், அரசாங்கம் வரை கொண்டுபோனார். அப்படியும் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வர 1956 ஆனது. அன்றைக்கு உங்கள் வீட்டில் நின்றுபோன கரண்டில் அந்த நிலக்கரியின் பங்கும் இருந்திருக்கும்.

அப்பாவிடம் கேட்க இனி வழியில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது இன்னும் எவ்வளவோ இருக்கும், அதில் பாதி பணச் சமாச்சாரமாகவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போனை உள்ளே வைத்துவிட்டு முருங்கைக்கீரையோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் எதிர்வீட்டு மருமகள் கதைதான் வரும். வரட்டும். கீரையை ஆய்ந்துகொண்டே ‘உங்கப்பா ஒரு தடவை...’ என்று அவராக ஆரம்பிப்பார், அப்போது அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடாதீர்கள்.