காயெல்தாஸ் கெட்டவன்தானா?

கேள்வி: பள்ளி நாள்களில் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த பிரவுசிங் சென்டரில் ‘வார்கிராஃப்ட் 3’ என்ற கணினி விளையாட்டை ஆடி வளர்ந்தவன் நான். அதில் வரும், எல்ஃப் என்னும் நீள்செவி மந்திர இனத்தின் இளவரசன் காயெல்தாஸ் மீது எனக்கு இன்றும் பரிவு உண்டு. பின்னர் வந்த ஆட்டங்கள் அவனை வெறும் துரோகியாக்கிவிட்டன. “எழுதியவர்களே அவனைக் கெட்டவன் என்று சொன்ன பிறகு உனக்கு என்ன வழக்கு?” என்று என் தம்பி கேட்கிறான். என் பக்கம் நியாயம் உண்டா?
– வாசகர், காரிமங்கலம்.

பதில்: உண்டு. ஆனால் காயெல்தாஸ் குற்றமற்றவன் என்று வாதாடப் புறப்பட்டால் தம்பியிடம் தோற்றுப்போவீர்கள். 2003-இல் ‘வார்கிராஃப்ட் 3’-இன் கூடுதல் பகுதியாக வெளியான ‘தி ஃப்ரோசன் த்ரோன்’-இலேயே அவன் நாகர்கள் என்னும் பாம்புடல் கடல் இனத்தாரோடு கைகோத்தவன். அரக்கர் தலைவன் கில்ஜேடனிடம் ஒப்பந்தம் செய்துகொண்ட, பாதி அரக்கனாகிவிட்ட எல்ஃப் வீரன் இல்லிடானைத் தலைவனாக ஏற்றவன். அவனுக்காகச் சொல்ல வேண்டியது வேறு. அவன் ஏன் அந்த வழிக்குப் போனான் என்பதை அந்த ஆட்டம் நம் கையாலேயே ஆடவைத்தது.

பிணப் படைக்குத் தலைவனாகிவிட்ட மனித இளவரசன் ஆர்தஸ், சன்வெல் என்னும் மந்திர ஊற்றைக் கெடுத்து எல்ஃப் குலத்தின் பெரும்பகுதியை அழித்த பின், மாண்டவர்களின் நினைவாக எஞ்சியவர்களுக்கு ‘பிளட் எல்ஃப்’ (குருதி எல்ஃப்) என்று பெயர் சூட்டியவன் காயெல்தாஸ். ஊற்று போனதால் மந்திரப் பசியில் வாடிய அந்த மக்களை அழைத்துக்கொண்டு அவன் முதலில் வந்து நின்றது மனிதர்களின் படையில்தான். தளபதி காரிதோஸோ, அவனுக்குத் துணையாக இருந்த வீரர்களைப் போர்முனைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டு, நெருங்கிவந்த பிணப் படையை எதிர்க்கும் வேலையை மட்டும் அவன் தலையில் கட்டினான். நாகர்களின் உதவியால் அவன் பிழைத்தபோது, அதையே குற்றமாக்கி மந்திரவாதிகளின் நகரான டலாரனின் சிறையில் அடைத்து மரண தண்டனை விதித்தான். சிறை அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தன் வீரர்களை அவன் மீட்கும் அத்தியாயத்தை ஆடிய எவருக்கும், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2007-இல், பின்னர் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் கூடுதல் பகுதியான ‘தி பர்னிங் குரூசேட்’ வந்தபோது அவன் இல்லிடானையும் கைவிட்டுக் கில்ஜேடனின் அடிமையாகியிருந்தான். 2008-இல் மார்பில் பச்சைப் படிகத்தோடு மீண்டும் வந்து மடிந்தான். மக்களுக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்தவன் அதே மக்களை விலையாகக் கொடுக்கத் துணிந்தது எந்த நாளில், எந்த ஏமாற்றத்தால்? அதை நாம் ஆடிக் கடக்க ஓர் அத்தியாயமும் தரப்படவில்லை. என் குறை இது ஒன்றுதான்; அவனுக்குக் கெட்ட முடிவு எழுதியதில் எனக்குக் குறையில்லை.

நம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் நிறைவாக நடக்கும் படுகளத்தைப் பார்த்திருப்பீர்கள். மண்ணால் வடித்துக் கிடத்திய துரியோதனன் உருவின் தொடையை வீமன் வேடக்காரர் அடித்துப் பிளக்க, உள்ளே வைத்திருந்த சிவப்பு நீர் வழிய, திரௌபதி கூந்தலை முடிகிறாள். அவன் வீழ வேண்டும் என்பதில் கூட்டத்தில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த முடிவை நியாயப்படுத்துவதற்காக, கர்ணனுக்கு அங்க நாட்டைத் தந்தவன் அவன் என்பதையோ, மேகலை அறுந்து மணிகள் சிதறியபோதும் நண்பனை ஐயுறாதவன் என்பதையோ கூத்துக்காரர்கள் மறைப்பதில்லை. கர்ண மோட்சம் ஆடும் இரவில் துரியோதனனுக்காகவும் கண் துடைக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் 2016-இல் ‘லீஜன்’ ஆட்டத்தில் இல்லிடானை நல்லவனாக்கியது சரிதானே? 2020-இல் ‘ஷேடோலேண்ட்ஸ்’ காயெல்தாஸின் ஆவிக்கும் மீட்சி தந்ததே?
– அதே வாசகர்.

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இல்லிடான் செய்ததெல்லாம் தொடக்கம் முதலே அரக்கர்களை ஒழிக்கத்தான் என்று பிற்பாடு சொல்வது, அவனுடைய அச்சத்தையும் பேராசையையும் அழித்துவிடுகிறது. கில்ஜேடனின் தண்டனைக்கு அஞ்சி ஓடிய பழைய இல்லிடானே எனக்குப் பெரிய பாத்திரம். ‘ஷேடோலேண்ட்ஸ்’ அப்படிச் செய்யவில்லை. காயெல்தாஸ் தன் பிழைகளைப் பிழைகள் என்றே அங்கே எதிர்கொள்கிறான். ஆகவே அது எனக்கு உடன்பாடே, பதின்மூன்று ஆண்டுகள் தாமதமாக வந்தது என்றாலும்.

தம்பியோடு மேலும் வாதாடும் முன், அவரை அந்த டலாரன் சிறை அத்தியாயத்தை ஒருமுறை ஆடச் சொல்லுங்கள்.