கொலுப் பொம்மைகளுக்கு வரி உண்டா? ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக எம்ப்ளாய்மென்ட் பாஸில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர், இந்த நவராத்திரிக்குத் தம்முடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீட்டில் முதன்முறையாகக் கொலு வைக்க விரும்புகிறார். காஞ்சிபுரத்தில் இருக்கும் அம்மா, தசாவதார செட், செட்டியார் பொம்மைகள், ஒரு ஜோடி மரப்பாச்சி ஆகியவற்றைத் தரப் போகிறார். அங்கேயே ஏறத்தாழ 300 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) புதிய பொம்மைகளும் வாங்க எண்ணம். சென்னையில் ஒரு ஏஜென்ட், "கப்பலில் வீடு வரைக்கும் கொண்டுவந்து கொடுக்கிறேன், வரி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். சுங்கத்துறை பொம்மைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளுமோ என்பது வாசகியின் அச்சம்.

முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். சுட்ட களிமண் பொம்மைக்கும் காகிதக்கூழ் பொம்மைக்கும் சிங்கப்பூரில் தடை இல்லை. சுங்கத் தீர்வை என்பது மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே. உங்கள் பொம்மைகள் சந்திக்கக்கூடியது 9 விழுக்காடு பொருள் சேவை வரி ஒன்றைத்தான். ஆகவே, ஒருவர் உங்களிடம் தீர்வை என்ற பெயரில் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

அந்த 9 விழுக்காடு, பொம்மையின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் காப்புறுதியையும் கூட்டி வரும் தொகைமீது கணக்கிடப்படுகிறது. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொதியின் மொத்த மதிப்பு 400 வெள்ளிக்குள் இருந்தால் இறக்குமதியின்போது வரி இல்லை. தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி விழும். புதிய பொம்மைகள் 300, பழையவற்றுக்கு நியாயமான மதிப்பாக 100, கட்டணம் 150, காப்புறுதி 10 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 560 வெள்ளி. வரி 50 வெள்ளி 40 காசு. இனி, ஏஜென்ட் வாய் திறக்காத ஒரு செய்தி: இந்த 400 வெள்ளிச் சலுகை விமானத்துக்கும் அஞ்சலுக்கும் உரியது, கப்பலுக்கு இல்லை. கப்பலில் அனுப்பினால் மலிவு என்பவர் கட்டணத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுகிறார்.

இந்த "நான் பார்த்துக்கொள்கிறேன்" வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் புரட்டாசி நெருங்க நெருங்க என்னிடம் வரும் புலம்பல்கள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதாம். பலருடைய பெட்டிகளை ஒரே கொள்கலனில் ஏற்றி, உள்ளே இருப்பவற்றுக்கு வாய்க்கு வந்த ஒரு மதிப்பை எழுதிவிடுகிறார்கள். பெட்டி சிங்கப்பூர்க் கிடங்குக்கு வந்ததும், இங்குள்ள அவர்களுடைய கூட்டாளி உங்களை அழைத்து, டெலிவரி ஆர்டர் கட்டணம், கையாளும் கட்டணம், கிடங்கு வாடகை என்று ஒவ்வொன்றாக அடுக்குவார். கொலுவுக்கு நாலு நாள் இருக்கும்போது யார்தான் பேரம் பேசுவார்கள்? அது அவருக்கு நன்றாகத் தெரியும். மதிப்பைக் குறைத்து எழுதியது பிடிபட்டாலோ, ஏய்த்த வரியைப் போல் 20 மடங்கு வரை அபராதமும் சிறையும் சட்டத்தில் உண்டு. இறக்குமதியாளர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயர் என்றால், விசாரணைக்கு அழைக்கப்படுபவரும் நீங்கள்தான். சென்னை ஏஜென்டின் கைப்பேசி அதற்குள் அணைந்திருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. "பழைய வீட்டுச் சாமான் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், வரியே இல்லை" என்பார்கள். அப்படி ஒரு சலுகை உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. அது சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து வருபவர்களுக்கானது. பொருள்கள் உங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும்; குறைந்தது 3 மாதம் நீங்கள் வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும்; நீங்கள் முதன்முதலில் வந்து இறங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அவை வந்து சேர வேண்டும்; வந்தபின் 3 மாதத்துக்கு விற்கவோ கைமாற்றவோ மாட்டேன் என்று உறுதியும் தர வேண்டும். நீங்கள் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, பொம்மைகளோ அம்மாவுடையவை. "அம்மாவுடையது என்றால் என்னுடையது மாதிரிதானே" என்று ஒரு வாசகர் முன்பு என்னிடம் வாதாடினார். குடும்பத்தில் அது சரி, படிவத்தில் சரியில்லை. புதிதாக வாங்கிய பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பழைய சாமான் ஆக்குவதும் நடக்காது. நேற்றுதான் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கிய, தம்முடைய சொந்தக் கொலுவைக் கட்டி எடுத்துவரும் குடும்பத்துக்கு இச்சலுகை பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, கையோடு எடுத்துவருவது. வெளிநாட்டில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்து திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரை வரிச்சலுகை உண்டு என்று தோழிகள் சொல்லியிருப்பார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது சரி. எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபென்டன்ட் பாஸ், மாணவர் பாஸ், வேலை அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வரும் பயணிக்குக் கிடைக்கும் சலுகை, ஆண்டு முழுவதும் இங்கே வேலை செய்து வரி கட்டுபவருக்கு ஏன் இல்லை என்று கேட்டால், விதி அப்படித்தான் என்பார்கள். எனக்கு இது ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை. ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 வெள்ளிப் பொம்மைகளுக்கு வரி 36 வெள்ளி. விமான நிலையத்தில், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்புத் தடத்தில் சென்று ரசீதைக் காட்டிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. இதை மிச்சப்படுத்தக் குருவிகளிடம், அதாவது காசுக்காகப் பிறர் சாமானைச் சுமந்துவரும் பயணிகளிடம், பெட்டியைக் கொடுத்தனுப்ப வேண்டாம். சலுகை அவரவருக்கு உரியது, வாடகைக்கு விடுவதற்கில்லை.

அம்மா தரும் பழைய பொம்மைகளுக்கு ரசீது ஏது? பாட்டி காலத்துப் பொம்மைக்கும் விலைச்சீட்டு இருக்கும் என்று நம்பித்தான் படிவங்களைத் தயாரித்திருக்கிறார்கள் போலும். பொம்மைகளைத் தரையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதே போன்ற பொம்மை என்ன விலை என்று பார்த்து ஒரு பட்டியல் எழுதுங்கள். அதிகாரி கேட்டால் காட்டலாம்.

மரப்பாச்சியில் மட்டும் நிதானம் தேவை. சிக்கல் சாங்கியில் அல்ல, சென்னையில். மரபுப்படி மரப்பாச்சி செம்மரத்தில் கடையப்பட்டது. செம்மரத்தை இந்தியாவுக்கு வெளியே கொண்டுசெல்வதில் கடும் கட்டுப்பாடு உண்டு. அது மட்டுமல்லாமல், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பத்தையோ கைவினைப் பொருளையோ தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. கொள்ளுப்பாட்டியின் சீர்வரிசையில் வந்த ஜோடி என்றால், அதைக் காஞ்சிபுரத்திலேயே விட்டுவிட்டு, தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையம் போன்ற இடத்தில் புதிய ஜோடி ஒன்றை, என்ன மரம் என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

தசாவதார செட்டை மட்டும் அம்மா அஞ்சலில் அனுப்பினால் மொத்த மதிப்பு 400 வெள்ளிக்குள் அடங்கிவிடும். கூரியர் என்றால் கவனம்: பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது அவர்கள் வழக்கம். 60, 45, 45 அளவுள்ள பெட்டி தராசில் 11 கிலோ இருந்தாலும் கட்டணம் 24.3 கிலோவுக்கு. உள்ளீடற்ற பொம்மைகளுக்கு இது பெரிய அடி. கழுத்தும் நீட்டிய கையும்தான் முதலில் உடையும். அங்கே பழைய பருத்திப் புடவைக் கிழிசலை இறுக்கமில்லாமல் சுற்றி, பெட்டியை ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராத அளவுக்கு இடைவெளிகளை நிரப்பச் சொல்லுங்கள்.

படிகளை அங்கிருந்து கொண்டுவரவே வேண்டாம். மடக்குப் படிகள் இங்கேயே, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கிடைக்கின்றன. அப்படியும் ஏஜென்டிடம்தான் கொடுப்பேன் என்றால், பணம் கட்டும் முன்பே இங்கு வந்தபின் வரும் கட்டணங்கள் அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். இறக்குமதி அனுமதிப் பத்திரத்தின் நகலில் உங்கள் பொருளுக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறார் என்பதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பெட்டியை அவரிடம் கொடுக்காதீர்கள்.