பெயர்ப்பலகையை மாற்றினால் படம் ஏன் நழுவுகிறது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கேமராவைக் கையில் பிடித்து நடந்தபடி எடுத்த காட்சியில், கடையின் பெயர்ப்பலகைமேல் உங்கள் குறும்படத்துக்கான பலகையை வைத்தால் அது நழுவுகிறது என்று கேட்டிருந்தீர்கள். காட்சியில் ஒரே ஒரு புள்ளியின் அசைவை மென்பொருளில் பின்தொடர்ந்ததுதான் காரணம். ஒரு புள்ளி இடமாற்றத்தை மட்டுமே சொல்லும். இரண்டு புள்ளிகள் சுழற்சியையும் அளவையும் சேர்த்துத் தரும். நடக்க நடக்கப் பலகையின் வடிவமே சாய்கிறதே, அதற்கு நான்கு மூலைகளும் வேண்டும்.

மூலைகளைத் தனித்தனியாகத் துரத்தாதீர்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் காட்சி மென்பொருளுடன் வரும் மோக்கா என்ற பின்தொடரும் கருவியில் பலகை முழுவதையும் ஒரே தளமாகப் பின்தொடருங்கள். பழைய பலகையின் எழுத்துகள் அதற்கு நல்ல பிடிமானம். முன்னால் தொங்கும் பூமாலைகளையும் கடந்துபோகும் தலைகளையும் தனி வடிவம் வரைந்து விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு மாலையின் அசைவோடு போய்விடும். புதிய பலகை அவற்றுக்குப் பின்னால் தெரியவும் அதே எல்லைக்கோடுகள் உதவும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவது எனக்கு ஆதங்கம். கடை நிழலில் எதுவும் முழுக் கறுப்பாக இருக்காது. புதிய பலகையின் கறுப்பையும் அந்த நிழலின் சாம்பல் அளவுக்கு உயர்த்துங்கள். கை குலுங்கிய ஃபிரேமில் சுவர் மங்கியிருக்கும்போது புதிய எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், கண் உடனே கண்டுபிடித்துவிடும். புதிய பலகையும் அசையும்போது மங்க, மென்பொருளில் அசைவு மங்கலை இயக்குங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று எடுத்திருந்தால், அந்த மங்கலின் அளவைத் தீர்மானிக்கும் ஷட்டர் கோணம் 180 பாகை. கேமராவின் புள்ளியிரைச்சலை, அதாவது படத்தில் மினுங்கும் நுண்புள்ளிகளை, புதிய பலகையிலும் கடைசியில் சேருங்கள்.