சமீபத்தில் பார்த்த ஆக்‌ஷன், சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை?

கேட்டவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிலில் பாதி என் அப்பாவுடையது. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் சேர்ந்துதான் படம் பார்க்கிறோம். அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் 32 வருடம் வேலை பார்த்தவர். எஞ்சினும் சேசிஸுமாக மொட்டையாக வந்து நிற்கும் வண்டிக்கு கேபின் வைத்து, கூண்டு கட்டி, பெயின்ட் அடித்து ரோட்டுக்கு அனுப்புகிற வேலை. தகடு தட்டித் தட்டியே இடது காது மந்தமாகிவிட்டது. சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது. நான் வலது பக்கம் உட்கார்ந்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

திரையில் எது வந்தாலும், ரோபோவோ ராட்சசப் புழுவோ, அப்பா முதலில் கேட்பது, "இது என்ன கனம் இருக்கும் கண்ணு?" என்றுதான். கேட்டுக் கேட்டு இப்போது எனக்கும் அதுவே பழகிவிட்டது. கனம் தெரிகிற படம் பிடிக்கிறது. தெரியாத படத்தை எவ்வளவு கொட்டி எடுத்திருந்தாலும் மனதில் ஒட்டுவதில்லை.

முதலில் பார்த்தது 'ஜான் விக்' நான்காம் பாகம் (2023). இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கி 'மேட்ரிக்ஸ்' படத்தில், இதிலும் நாயகனான கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். சண்டைக்கு கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. காட்சியைத் துண்டு துண்டாக வெட்டாமல், மோதுகிற ஆட்கள் தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி நீளமாக விடுகிறார். ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் கேமரா மேலே ஏறி, உச்சியிலிருந்தே அறை அறையாகச் சண்டையைப் பின்தொடரும் காட்சியை மூச்சுவிடாமல் பார்த்தேன். ஆனால் படம் 169 நிமிடம். ஜான் விக் போட்டிருப்பது குண்டு துளைக்காத கோட்டு. ஓரத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டால் போதும், சுடச் சுட நடந்து போகிறார். பாரிஸில் ஆர்க் த ட்ரியோம்ஃப் நினைவு வளைவைச் சுற்றி ஓடும் கார்களுக்கு நடுவே ஒரு சண்டை. கார் இடித்துத் தூக்கி எறிகிறது, எழுந்து அடுத்த ஆளை அடிக்கிறார். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

"கார் இடிச்சா இடுப்பெலும்பு நிக்காது கண்ணு. இவன் எந்திரிச்சு ஓடறான். அப்பறம் நாம என்னத்துக்குப் பயப்படறது?"

விபத்தில் சிக்கிய லாரிகள் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். கேபின் மடங்கியிருக்கிற விதத்தை வைத்தே டிரைவர் பிழைத்திருப்பாரா என்று சொல்லிவிடுவார். அந்த மாதிரி வண்டிக்கு வேலை பார்த்த நாட்களில் ராத்திரி சரியாகச் சாப்பிடமாட்டார். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால் அவர் சொன்னதை மறுத்துப் பேச முடியவில்லை.

அவரைத் திரும்ப உட்கார வைத்தது அதே படத்தின் படிக்கட்டுதான். மோன்மார்த்ர் குன்றின் மேல் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறுகிற 222 படிகள். விடிவதற்குள் மேலே போயாக வேண்டும். அடித்துப் பிடித்து உச்சியை நெருங்கும்போது ஒருவன் உதைக்கிறான், கீழ் வரைக்கும் உருண்டு போகிறார். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அந்தப் படிகள் ஒவ்வொன்றையும் அவரோடு சேர்ந்து நாமும் ஏறியிருக்கிறோம் அல்லவா, அதனால் வலிக்கிறது. பழநிப் படி ஏறிய மறுநாள் மாதிரி எனக்கே கால் கடுத்தது. மொத்தப் படத்தையும் இந்தக் கணக்கில் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015). நான் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்தது, அப்பாவுக்குப் புதிது. வார் ரிக் என்று ஒரு 18 சக்கர டேங்கர் லாரி. அதை ஒரு பெரும்படை துரத்துவதுதான் படம். வண்டி திரைக்குள் வந்ததுமே அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது நெசமாலுமே கட்டுன வண்டிதானே?"

நிஜமாகவே கட்டிய வண்டிதான். செக் நாட்டு டாட்ரா லாரியின் மேல் பழைய செவர்லே காரின் உடம்பை இணைத்துச் செய்தது. படத்துக்காக ஏறத்தாழ 150 வண்டிகளைக் கட்டி, நமீபியப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். (முதலில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் எடுப்பதாகத்தான் இருந்தது. எதிர்பாராமல் மழை கொட்டி அந்த வறண்ட மண்ணெல்லாம் பூத்துவிட்டதால் ஊரையே மாற்ற வேண்டியதாயிற்று.) வண்டிகளுக்கு வடிவம் கொடுத்த காலின் கிப்சன் ஆஸ்கார் வாங்கினார் என்று சொன்னேன். "பாடி கட்டுனவனுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தப் படம் வாங்கிய 6 ஆஸ்காரும் தொழில் செய்கிற கைகளுக்குப் போனவை: கலை, உடை, ஒப்பனை, படத்தொகுப்பு, ஒலிக்கு இரண்டு. எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வண்டியை ஓட்டும் நாயகி ஃப்யூரியோசா ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். டேங்கர் பற்றி எனக்கு ஒரு பாடமே எடுத்தார். "டேங்கு நெறைய இருந்தாலும் பரவால்ல, காலியா இருந்தாலும் பரவால்ல. பாதி இருந்தாத்தான் ஆபத்து. வளைவுல உள்ளுக்குள்ள அலையடிச்சு வண்டியவே கவுத்துப்போடும்." அதற்காகத்தான் உள்ளே குறுக்கே தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்களாம். மூன்று தடவை பார்த்தும் எனக்குத் தோன்றாத பயம் அது. நான்காவது தடவைதான் அந்த லாரிக்குள் ஏதோ ததும்புகிறது என்ற நினைப்போடு பார்த்தேன்.

இந்தப் படத்துக்கு நான் வாய் திறக்க வேண்டிய வேலையே அதிகம் இல்லை. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் திரைக்கதையை எழுத்தாக வைத்துக்கொள்வதற்கு முன்னால் ஏறத்தாழ 3,500 படங்களாக வரைய வைத்தார். ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் முக்கியமானது எதுவோ அது எப்போதும் திரையின் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல் கிட்டத்தட்ட 480 மணி நேரக் காட்சிகளிலிருந்து இரண்டு மணி நேரத்தைப் பொறுக்கி எடுத்தார். சுமார் 2,700 வெட்டுகள். அவ்வளவு வேகத்திலும் வயதான கண் தடுமாறவில்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கேயே அடுத்த ஷாட்டும் வந்து நிற்கிறது. மில்லர் சினிமாவுக்கு வருவதற்கு முன் சிட்னியில் டாக்டராக இருந்தார், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்தவர். இதைச் சொன்னபோது அப்பா தலையாட்டினார். "அதான் தெரியுதே" என்றார்.

அதன் முன்கதையான 'ஃப்யூரியோசா' (2024) எங்களுக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை. நடுவில் லாரியின் அடியிலும் மேலுமாக நடக்கிற கால் மணி நேரத் துரத்தல் அபாரம். அதை மட்டும் 78 நாள் எடுத்தார்களாம், உழைப்பு தெரிகிறது. மற்ற இடங்களில் கம்ப்யூட்டர் வேலை துருத்திக்கொண்டு நிற்கிறது. பைக் சக்கரம் மணலை அழுத்துவதே இல்லை.

மணல் என்றதும் 'ட்யூன்' இரண்டாம் பாகம் (2024). புழு மேல் ஏறிச் சவாரி செய்யும் காட்சிக்காகவே பார்க்கலாம். புழுவை உடனே காட்டிவிடாமல், அது வருகிற வழியில் மணல் மேடு சரிந்து உள்வாங்குவதை முதலில் காட்டுகிறார் டெனி வில்நெவ். அதிலேயே எடை வந்துவிடுகிறது. வில்லன் கூட்டமான ஹார்க்கோனன்களின் ஊரை அகச்சிவப்பு ஒளியில் படம்பிடித்திருக்கிறார்கள், மனிதத் தோல் மெழுகு மாதிரி வெளுத்துத் தெரிகிறது. அப்பா, "இவனுக ரத்தம் ஓடுற மனுசங்கதானா?" என்று கேட்டார். ஆனால் குலம், வம்சம், தீர்க்கதரிசனம் என்று பெயர்களைச் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன், அவரும் நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டார். பெரிய தியேட்டரில் பார்க்க வேண்டிய படத்தை வீட்டில் பார்த்தது எங்கள் தப்பு. 'தி கிரியேட்டர்' (2023) அழகான படம், ஒவ்வொரு ஃப்ரேமையும் மாட்டி வைக்கலாம். மறுநாள் கதை நினைவில் இல்லை.

ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற நேரச் சுழல் படங்களையும் சொல்ல வேண்டும். 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) பார்த்த கையோடு 'மாநாடு' (2021) படத்தையும் இன்னொரு முறை பார்த்தோம். செத்தால் திரும்ப எழுந்துகொள்ளலாம் என்றால் சாவுக்குக் கனம் இல்லாமல் போய்விடும், இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் இதுதான் சிக்கல். முதல் படம் ஒரு கட்டத்தில் நாயகனிடமிருந்து அந்தச் சக்தியைப் பிடுங்கிவிடுகிறது. வெங்கட் பிரபு வேறு வழி பிடித்தார், வில்லனையும் அதே சுழலுக்குள் இழுத்துவிட்டார். எஸ்.ஜே. சூர்யாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று தெரிகிற நிமிடத்தில் படம் நிமிர்ந்து உட்காருகிறது. எனக்கு 'மாநாடு' செய்த வழிதான் இன்னும் கூர்மையாகப் படுகிறது. நம் ஊரில் பணம் இல்லாததால் சயின்ஸ் ஃபிக்‌ஷன் வராது என்று சொல்கிறவர்களுக்கு 'இன்று நேற்று நாளை' (2015) போதும். கால எந்திரம் கையில் கிடைத்ததும் தொலைந்துபோன சாமான்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். நம்மூர் ஆள் அதைத்தான் செய்வான். இயக்குநர் ரவிக்குமார் அதை நம்பி எழுதினார்.

இனி எனக்கு மிகப் பிடித்தது. 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023). பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையின் முடிவு வரை சொல்லப்போகிறேன்.

1945. ஷிகிஷிமா, போரில் தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானிய விமானி. எஞ்சினில் கோளாறு என்று சொல்லி ஓடோ தீவில் இறங்குகிறான். அங்கே இருப்பவர்கள் விமானத்தைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள். அவர்களில் மூத்தவனான தச்சிபானா எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்கிறான். அப்பா உடனே சொன்னார்: "மெக்கானிக்குகிட்டப் பொய் சொல்ல முடியாது." அன்று ராத்திரி காட்ஸில்லா என்ற ராட்சச மிருகம் வருகிறது. விமானத்துத் துப்பாக்கியால் சுடச் சொல்கிறார்கள். ஷிகிஷிமாவின் கை உறைந்துவிடுகிறது. மெக்கானிக்குகள் எல்லோரும் செத்துப்போக, அவனும் தச்சிபானாவும் மட்டும் மிஞ்சுகிறார்கள். இறந்தவர்கள் வைத்திருந்த குடும்பப் புகைப்படங்களை தச்சிபானா அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தப் புகைப்படங்களின் கனம்தான் படம் முழுக்க.

ஊர் திரும்பினால் டோக்கியோ சாம்பலாகக் கிடக்கிறது. உயிரோடு வந்ததற்காகப் பக்கத்து வீட்டுப் பெண் திட்டுகிறாள். பிழைப்புக்குக் கடலில் கண்ணிவெடி அகற்றப் போகிறான், மரப்படகில். இரும்புப் படகு போனால் காந்தக் கண்ணி வெடித்துவிடும். அந்த மரப்படகைக் காட்ஸில்லா துரத்தும்போது, நீருக்கு மேல் அதன் தலை மட்டும் தெரிகிறது. நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இயக்குநர் தகாஷி யமசாகிதான் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் பொறுப்பு. 610 ஷாட்டுகள், செய்தவர்கள் 35 பேர். மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்று அவரே சொல்லியிருக்கிறார். 2024 மார்ச்சில் ஆஸ்கார் வாங்கினார்கள். 1954-லிருந்து வரும் காட்ஸில்லா படங்களில் ஆஸ்கார் வாங்கியது இதுதான் முதல். 35 பேர் என்றதும் அப்பா விரல் விட்டு எண்ணினார். அவர் பட்டறையில் உச்சத்தில் இருந்தபோது 40 பேர் இருந்தார்களாம்.

கடைசியில் ஷின்டென் என்ற பழைய போர்விமானத்தைத் தயார் செய்ய அதே தச்சிபானாவைத் தேடிப் பிடித்து வருகிறான் ஷிகிஷிமா. குண்டை நிரப்பிக்கொண்டு நேரே காட்ஸில்லாவின் வாய்க்குள் பறந்து சாவதுதான் திட்டம். தச்சிபானா விமானத்தைச் சரிசெய்கிறான். குண்டை எப்படி இயக்குவது என்று காட்டுகிறான். கூடவே ஒரு சீட்டையும் பொருத்தியிருக்கிறான், இழுத்தால் விமானியை வெளியே வீசுகிற சீட்டு. வாழு என்று சொல்லி அனுப்புகிறான். தன் ஆட்களெல்லாம் இவனால் செத்தார்கள் என்று நினைத்திருந்த மனிதன்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சீட்டு வர்ற எடத்த மட்டும் இன்னொருக்கா போடு சாமி" என்றார். போட்டேன். இந்த முறை நான் வசனம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வரும் ஞாயிறு 'டெர்மினேட்டர் 2' (1991). அதில் ஒரு டேங்கர் லாரி கவிழும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.